ஸ்கோகார்: தூக்கிப் போட இருந்த சாமான்களுக்கு ஒரு வீடு

ஒரு கம்பளிக் கையுறை. அதில் கட்டைவிரலுக்கு இரண்டு உறைகள்: இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. விவரம் தெரியாதவர் கையில் கிடைத்தால், பின்னியவருக்குக் கணக்குத் தப்பிவிட்டது என்றுதான் நினைப்பார். ஐஸ்லாந்து மீனவர்கள் துடுப்புப் போடும்போது அணிந்த கையுறை அது. உள்ளங்கைப் பக்கம் தேய்ந்ததும் கையுறையைத் திருப்பிப் போட்டு, மற்ற கட்டைவிரல் உறைக்குள் விரலை விட்டுக்கொள்வார்கள். தேயாத பக்கம் துடுப்புக்கு வந்துவிடும். ஒரு கையுறைக்கு இரண்டு கையுறையின் ஆயுள்.

இந்த விளக்கம் கூடவே வந்தால் அது அருங்காட்சியகப் பொருள். வராவிட்டால் பூச்சி அரித்த பழைய கம்பளி. அன்றாடச் சாமான்களைச் சேர்த்து வைக்கும் எந்த இடத்துக்கும் உள்ள சிக்கல் இது. வாளுக்கும் கிரீடத்துக்கும் யாராவது எங்காவது எழுதி வைத்திருப்பார்கள். கஞ்சி குடித்த கிண்ணத்துக்கும் வைக்கோல் கட்டிய கயிற்றுக்கும் யார் எழுதி வைத்தார்கள்? ஐஸ்லாந்தின் தெற்குக் கரையில் ஸ்கோகார் என்ற சிற்றூரில் இருக்கும் நாட்டுப்புற அருங்காட்சியகம் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தது, எந்த இடத்தில் சறுக்கியது என்று பார்ப்போம்.

இடமும் காலமும்

2010இல் சாம்பலைக் கக்கி ஐரோப்பாவின் விமானங்களை நாள்கணக்கில் தரையில் நிறுத்தியதே எயாஃபியாட்லயோகுட்ல் எரிமலை, அதன் அடிவாரத்தில்தான் ஸ்கோகார் இருக்கிறது. பக்கத்திலேயே 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்கோகாஃபோஸ் அருவி. பெரும்பாலான பயணிகள் அருவியோடு திரும்பிவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

ஐஸ்லாந்தின் தேசிய அருங்காட்சியகம் 1863இலேயே தலைநகர் ரேக்யாவிக்கில் தொடங்கிவிட்டது. வட்டார அருங்காட்சியகங்கள் வரவோ 1940கள் ஆயின. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 1940 மே மாதம் பிரிட்டிஷ் படை ஐஸ்லாந்தில் இறங்கியது. பின்னாலேயே அமெரிக்கப் படையும் வந்தது. சாலை போடும் வேலை, முகாம் வேலை, கையில் ரொக்கக் கூலி. போர் முடிந்தபோது பண்ணைக்காரர்கள் புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய பழைய வீடுகளை விட்டு கான்கிரீட் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ரப்பர் பூட்ஸ் வந்ததும் ஆட்டுத்தோல் செருப்பு தைக்கும் வேலை நின்றது. டிராக்டர் வந்ததும் பொதிக்குதிரையின் மரச்சேணம் கொட்டகை மூலைக்குப் போனது. பல நூற்றாண்டுகள் மெல்ல மெல்ல மாறிவந்த வீடு ஒரே தலைமுறையில் காலியானது. எதை எடுத்து வைப்பது என்று யோசிப்பதற்குள் பாதி போய்விடும் வேகம்.

வடக்கே கிளௌம்பயர் என்ற இடத்தில் 1948இல் ஒரு வட்டார அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. ஸ்கோகார் அருங்காட்சியகம் தொடங்கியது 1949 டிசம்பர் 1 அன்று. அந்த ஆண்டுதான் ஊரில் புதுப் பள்ளிக்கூடமும் திறந்தது. பள்ளியின் அடித்தளத்தில் கிடைத்த இடத்தில் சாமான்களை அடுக்கினார்கள்.

சேகரித்தவர்

தோர்தூர் தோமாஸ்சொன் 1921 ஏப்ரல் 28 அன்று அதே மலையடிவாரத்தில் ஒரு பண்ணையில் பிறந்தவர். பதினான்கு வயதிலேயே பழம்பொருள் சேர்க்கத் தொடங்கிவிட்டார். அருங்காட்சியகத்தை நிறுவி, அதன் காப்பாளராக 2013 வரை, அதாவது 92 வயது வரை, இருந்தார். 1997இல் ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. பட்டப்படிப்பு படித்து வந்த ஆள் இல்லை. 2022 ஜனவரியில், நூறு வயது கடந்து, இறந்தார். நாட்டார் வழக்கு, வானிலைச் சொல், குதிரை, வைக்கோல் அறுப்பு என்று இருபதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். பார்வையாளர் வந்தால் லாங்ஸ்பில் என்ற நீளமான பழைய நரம்பு வாத்தியத்தை வாசித்துக் காட்டுவார், பாடுவார்.

இந்த விவரங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது பட்டமும் வயதும் அல்ல, அவர் அந்த வட்டாரத்துப் பிள்ளை என்பது. தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்து உங்கள் வீட்டில் பழைய சாமான் ஏதும் இருக்கிறதா என்று கேட்டால், கிழவி செதுக்கு வேலை செய்த பெட்டியைக் காட்டுவாள். பரணில் கிடக்கும் கொம்புக் கொக்கியைக் காட்ட அவளுக்குத் தோன்றாது. அதையெல்லாம் பொருள் என்றே நினைத்திருக்க மாட்டாள். பக்கத்துப் பண்ணைப் பையன் வந்தால் நிலைமை வேறு. அடுக்களையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, இதற்குப் பெயர் என்ன, எப்படிப் பிடிப்பீர்கள், யார் செய்தது என்று கேட்க முடியும். பொருளையும் பேச்சையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் வாங்கி வந்தார். அவர் எழுதிய நூல்களில் பெரும்பகுதி அந்தப் பேச்சுதான்.

சாமான்கள்

மரம் இல்லாத நாடு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குடியேறியவர்கள் வந்தபோது இருந்த பிர்ச் காடுகள் விறகுக்கும் ஆட்டு மேய்ச்சலுக்கும் கரைந்துபோயின. வீடு கட்டவும் பாத்திரம் செய்யவும் கடல் கொண்டுவந்து ஒதுக்கும் கட்டைதான் கதி. சைபீரிய ஆறுகளில் விழுந்த மரங்கள் ஆர்க்டிக் பனியில் சிக்கி வருடக்கணக்கில் மிதந்து ஐஸ்லாந்துக் கரைக்கு வருகின்றன. கரையில் ஒதுங்குவது யாருக்கு என்பதற்குச் சட்டம் இருந்தது. பண்ணைகளும் தேவாலயங்களும் தங்கள் கட்டைக்குத் தனி அடையாளம் வெட்டி வைத்தன. திமிங்கிலம் கரையொதுங்கினால் ஒரு வட்டாரமே பஞ்சம் பிழைக்கும். ஐஸ்லாந்து மொழியில் ஹ்வால்ரெக்கி என்றால் கரையொதுங்கிய திமிங்கிலம். எதிர்பாராமல் அடித்த அதிர்ஷ்டத்துக்கும் இன்றுவரை அதே சொல். கறியும் கொழுப்பும் தீர்ந்தபின் முதுகின் முள்ளெலும்பு முக்காலியாகவும் வெட்டுக்கட்டையாகவும் மாறியது.

அப்படி அரிதான மரத்தில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பாத்திரம் செய்துகொண்டார்கள் என்பதுதான் ஆச்சரியம். அஸ்குர் என்று பெயர். பீப்பாய் செய்வதுபோல் சின்னப் பலகைகளை நிறுத்தி, மர வளையம் போட்டு இறுக்கி, கீல் வைத்த மூடியோடு செய்த கிண்ணம். பாத்ஸ்தோவா என்ற ஒரே அறையில்தான் வீட்டார், வேலையாட்கள் எல்லாரும் உறங்கினார்கள், உண்டார்கள், கம்பளி வேலை செய்தார்கள். சாப்பாட்டு மேசை கிடையாது. அவரவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அஸ்குரை மடியில் வைத்துக்கொள்வார்கள். கஞ்சியும் ஸ்கீர் என்ற தயிரும் கிண்ணத்துக்குள், மீனும் கறியும் திறந்த மூடிமேல். மூடியில் பூவேலை செதுக்கியிருக்கும். கரண்டி கொம்பில் செய்தது. கொம்பைச் சூடாக்கி இளக்கி வளைத்து, காம்பில் பெயரெழுத்தோ ஆண்டோ வெட்டுவார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. பல வீடுகளில் சாப்பிட்டு முடித்த அஸ்குரை நாய்க்கு வைத்துவிடுவார்கள், அது நக்கிச் சுத்தம் செய்யும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாய்வழிப் பரவும் நாடாப்புழுவின் நீர்க்கட்டி நோய் ஐஸ்லாந்தில் மிக மோசமாக இருந்தது. ஹரால்ட் க்ராபே என்ற டென்மார்க் ஆய்வாளர் 1863இல் அங்கே போய் நாய்களைச் சோதித்து, நோய் எப்படிப் பரவுகிறது என்று விளக்கினார். அப்புறம்தான் நாய் வளர்ப்புக்குச் சட்டம் வந்தது. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் அழகான கிண்ணத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

கட்டிலுக்கு ரூம்ஃப்யோல் என்றொரு பலகை. பகலில் மடிமேல் வைத்து வேலை செய்யலாம். இரவில் கட்டில் ஓரத்தில் செருகினால் படுக்கை சரியாது. அதில் இரவுப் பிரார்த்தனை வரிகளைச் செதுக்குவார்கள், அதுவும் ஹோவ்தாலேதுர் என்ற எழுத்தில். பதினாறாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் உருவாகி அங்கே மட்டுமே புழங்கிய அலங்கார எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தலைப்பாகை கட்டியதுபோல் இருக்கும். படிப்பது கடினம். தூங்கப் போகும் ஆளுக்கு வரி மனப்பாடம் என்பதால் படிக்கவேண்டிய தேவையும் இருந்திருக்காது.

இந்தப் பலகைகளும் பெட்டிகளும் உருவான நேரம் குளிர்கால மாலை. க்வோல்த்வாக்கா என்று சொல்வார்கள். விளக்கு என்பது ஒரு சின்னக் குழிவான தட்டில் மீன் ஈரல் எண்ணெய். திரி, சதுப்பில் பூக்கும் பஞ்சுப்புல்லைத் திரித்தது. அந்த வெளிச்சத்தில் ஒருவர் பழங்கதை வாசிப்பார் அல்லது ரீமூர் என்ற கதைப்பாடல் சொல்வார். மற்றவர்கள் கம்பளியைச் சிக்கெடுப்பார்கள், நூற்பார்கள், பின்னுவார்கள். பின்னல் பெண்கள் வேலை என்று ஒதுக்கப்படவில்லை. ஆண்களும் பிள்ளைகளும் பின்னினார்கள். தக்ளி பழையது, இராட்டை பதினெட்டாம் நூற்றாண்டில் வந்தது. ஆண்கள் குதிரை ரோமத்தைத் திரித்துக் கயிறு செய்தார்கள். அந்தக் கயிற்றின் முனையில் கட்டுகிற கொம்புக் கொக்கிக்கு ஹால்த் என்று பெயர். கொம்பு கிடைக்காவிட்டால் எலும்பு அல்லது மரம். வைக்கோல் கட்டைக் குதிரைமேல் ஏற்றும்போது கயிற்றை அதில் மாட்டி இழுத்தால் இறுகும், அவிழ்ப்பதும் சுலபம். தனியாகப் பார்த்தால் உடைந்த ஏதோ ஒன்றின் துண்டு. பரணில் கிடப்பது என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான்.

செருப்பைப் பற்றிக் கொஞ்சம். ஆட்டுத்தோல் செருப்பு மெல்லியது, கரடுமுரடான எரிமலைப்பாறையில் சீக்கிரம் கிழிந்துவிடும். கடல் நிலத்துக்குள் நீளமாகப் புகுந்திருக்கும் மேற்கு ஃபியோர்டுப் பக்கம் மீன்தோலிலும் தைத்தார்கள்; அது இன்னும் வேகமாகத் தேயும். ஒரு மலைப்பாதையின் தூரத்தை, கடப்பதற்குள் எத்தனை மீன்தோல் செருப்பு தேயும் என்று கணக்கிட்டுச் சொல்வது வழக்கம். கிலோமீட்டரைவிடப் பயனுள்ள அளவு, யோசித்துப் பார்த்தால். புறப்படும்போது எத்தனை செருப்பு மூட்டை கட்டவேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. செருப்புக்குள் போட கம்பளியில் உள்ளட்டை பின்னுவார்கள். அதில் எட்டிதழ் ரோஜா, நிறம் நிறமாக. காலுக்கு அடியில் மிதிபட்டு, யார் கண்ணிலும் படாத ரோஜா.

பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் பண்ணைக் கழிவிலிருந்துதான். ஆட்டுக்கொம்பு ஆடு, கால் எலும்பு குதிரை, தாடை எலும்பு மாடு. ஒரு கூடை எலும்பு இருந்தால் ஒரு முழுப் பண்ணை. பெயர் சொல்ல ஆள் இல்லாவிட்டால் இந்தக் கூடை என்ன ஆகும் என்று கேட்டுப்பார்த்தால் போதும். கறி தின்றபின் மிஞ்சிய எலும்பு, அவ்வளவுதான்.

படகுக்காகக் கட்டிய கூடம்

சேகரிப்பின் நடுநாயகம் பியேதுர்சேய் என்ற எட்டுத் துடுப்புப் படகு. 1855இல் கட்டியது, 1946 வரை ஓடியது. தொண்ணூறு ஆண்டுக்கு மேல் கடலில் இருந்த மரம். தெற்குக் கரையில் துறைமுகத்துக்கு ஏற்ற வளைவே கிடையாது. கறுப்பு மணற்கரை, நேரே அட்லாண்டிக் அலை. அலை தணியும் இடைவெளிக்காகக் காத்திருந்து படகைத் தள்ளவேண்டும், திரும்பும்போதும் அப்படியே. அங்கே மூழ்கிய படகுகள் ஏராளம். பியேதுர்சேய் 1952இல் ஸ்கோகாருக்கு வந்தது. பள்ளி அடித்தளத்தில் எட்டுத் துடுப்புப் படகை எப்படி வைப்பது? அதற்கென்றே 1954-55இல் ஒரு கட்டடம் எழுப்பினார்கள். அருங்காட்சியகம் பள்ளியை விட்டு வெளியே வந்தது இந்தப் படகால்தான்.

படகுக்குப் பின் வீடுகள் வந்தன. சாமான் சேர்ப்பதும் வீடு சேர்ப்பதும் ஒன்றல்ல என்பதால் இங்கே நிதானமாகப் பார்க்கவேண்டும். மண்கட்டி வீட்டைப் பெயர்த்து எடுத்து வர முடியாது. மரச்சட்டம், பலகை, கதவு இவற்றைக் கொண்டு வரலாம். சுவரைப் புதிதாகத்தான் அடுக்கவேண்டும். ஸ்கோகாரில் வரிசையாக நிற்கும் மண்வீடுகள் வெவ்வேறு பண்ணைகளிலிருந்து வந்த அறைகளைச் சேர்த்து அமைத்தவை. பார்க்க ஒரே பண்ணை வீடு மாதிரி இருக்கும், ஆனால் அப்படியொரு குடும்பம் அங்கே வாழ்ந்ததில்லை. கண்டிப்பான ஆய்வாளர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். உட்கட்டு எப்படி இருந்தது, அடுக்களைப் புகை எங்கே போனது என்று உள்ளே நடந்து புரிந்துகொள்ள இதைவிட்டால் வழி இல்லை என்பதும் உண்மை.

இதற்கு மாறான உதாரணமும் அங்கேயே உண்டு. சீதா என்ற வட்டாரத்திலிருந்து (நம் சீதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மலைச்சரிவு என்று பொருள்) ஸ்கௌல் என்ற பண்ணை வீடு வந்தது. 1919-20இல் கட்டியது, 1970 வரை ஆள் குடியிருந்தது. இதில் பாத்ஸ்தோவா மாட்டுத்தொழுவத்துக்கு மேலே. கீழே மாடு மூச்சு விடும் சூடு பலகை வழியே மேலே ஏறும். எரிக்க விறகு இல்லாத இடத்தில் இலவச வெப்பம். மணத்தைப் பற்றி நான் பேசவில்லை. மனிதன் நிலவில் இறங்கிய பிறகும் ஒரு குடும்பம் இந்த வீட்டில் இருந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அதே வட்டாரத்து ஹோல்ட் பண்ணையிலிருந்து 1878இல் கட்டிய ஒரு மரவீடும் வந்தது. முக்காலே மூன்று வீசம் கரையொதுங்கிய கட்டையில் கட்டியது. வரவேற்பறையின் சுவர்ப்பலகை மட்டும், 1899இல் அந்தக் கரையில் தரைதட்டிய பிரெஞ்சு மருத்துவக் கப்பலிலிருந்து எடுத்தது. கடல் கொடுத்தது என்றால் மரம் மட்டும் என்று நினைக்கக்கூடாது, கப்பலும் அதில் சேர்த்தி. இதன் நீட்சியாக இன்னொன்று: ஹோல்முர் பண்ணையைச் சேர்ந்த பியார்னி ரூனோல்ஃப்சொன் போன்ற உள்ளூர்க் கைவினைஞர்கள் 1920கள், 30களில் பண்ணை ஓடைகளில் வைக்கச் சிறு நீர்மின் சக்கரங்கள் செய்தார்கள். பள்ளியில் பொறியியல் படித்தவர்கள் அல்லர். உடைந்த மீன்பிடிக் கப்பல்களின் இரும்பை அறுத்துப் பயன்படுத்தினார்கள். பியார்னி மட்டுமே நூற்றுக்கு மேல் செய்தார். சுற்றிலும் மீன் எண்ணெய் விளக்கு மறந்துபோகாத காலத்தில், சில ஒதுக்குப்புறப் பண்ணைகளில் மின்விளக்கு எரிந்தது. கொம்பை வளைத்துக் கரண்டி செய்த அதே கைப்பழக்கம் இரும்புக்கு மாறியது என்று இதைப் படிக்கிறேன். எனவே கைவினை என்றாலே பழையது, மாறாதது என்று வகுப்பது ஸ்கோகாரில் செல்லாது.

தேவாலயத்திலும் இந்த ஒட்டுவேலை உண்டு. 1998இல் திறந்த புதுக் கட்டடம். உள்ளே கௌல்ஃபோல்ட் என்ற ஊரின் 1879ஆம் ஆண்டுத் தேவாலயத்தின் மரவேலை, 1600, 1742 ஆண்டுகளின் மணிகள். 2002இல் போக்குவரத்துக்குத் தனி அருங்காட்சியகம் சேர்ந்தது. அது பெரிது, பழைய வண்டிகளை விரும்புகிறவர்களுக்குப் பிடிக்கும்.

எங்கே சறுக்கும்

சரி, குறைகள். முதலாவது, தப்பிப் பிழைத்தது எது என்ற கேள்வி. செதுக்கிய மூடியும் பெயர் வெட்டிய கரண்டியும் பத்திரமாக இருக்கும். யாரோ பரிசாகக் கொடுத்திருப்பார்கள், பேத்திக்கு என்று எடுத்து வைத்திருப்பார்கள். தேய்ந்த செருப்பு தேய்ந்தே போய்விட்டது. இன்று பேழைக்குள் இருக்கும் செருப்பு பெரும்பாலும் யாரும் நடக்காத செருப்பு. வேலையாட்களின் சாமானும் இப்படித்தான் குறைவு. ஒரு மரப்பெட்டியோடு பண்ணை பண்ணையாகப் போனவரிடம் பரம்பரைச் சொத்து என்று சொல்ல என்ன இருக்கும்?

இரண்டாவது, எல்லாம் ஒரே மனிதரின் நினைவில் தொங்கியது. அறுபதாண்டுக்கு மேல் ஒருவரே கேட்டு, ஒருவரே எழுதி, ஒருவரே காட்டினால், அவர் கேட்காத கேள்விக்குப் பதில் இல்லை. அவர் நூல்களாக எழுதி வைத்ததால் பெரும் நட்டம் தவிர்ந்தது. தேசிய அருங்காட்சியகமும் 1960 முதல் வயதானவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பிப் பழைய வழக்கங்களை எழுதி வாங்கியது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்குச் சுவையான சிக்கல். பொருளோடு வரும் பேச்சு வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அந்தப் பேச்சு கதையாக இருந்தால்? ஸ்கோகாரில் ஒரு பழைய வளையம் இருக்கிறது. அந்தப் பகுதியின் முதல் குடியேறியான த்ராசி தன் பொற்பெட்டியை அருவிக்கு அடியில் ஒளித்து வைத்தானாம். பின்னால் யாரோ கயிறு கட்டி இழுத்தபோது பெட்டியின் வளையம் மட்டும் கையோடு வந்ததாம். அந்த வளையம் நெடுநாள் தேவாலயக் கதவில் கைப்பிடியாக இருந்து, கடைசியில் அருங்காட்சியகத்துக்கு வந்தது. கதவு வளையம் கதவு வளையமாகவே செய்யப்பட்டிருக்கும் என்பதுதான் எளிய ஊகம். ஆனால் அந்தக் கதை இல்லாவிட்டால் அதை ஒரு கொல்லர் எப்போதோ உருக்கி லாடம் அடித்திருப்பார். கையுறைக்கு உபயோகம் தெரிந்த சாட்சி வேண்டியிருந்தது. வளையத்தைக் காப்பாற்றியது ஒரு புதையல் கட்டுக்கதை. இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. அருவியில் பெட்டியை இன்னும் யாரும் எடுக்கவில்லை.